கூரைக்கு அடியில் சிக்னல் இல்லை

14-6-1999, திங்கள்

அப்பா இன்று பக்கத்து ஊரான கண்டனூர் வரை போய்விட்டார். பஸ்ஸில். அந்த வண்டிக் கண்டக்டர் பழகிய ஆள். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தபோது புதிதாக வேலைக்கு வந்தவராம். திரும்பும் வண்டியில் ஏற்றிவந்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"டூட்டிக்கு வந்திருக்கேன்னாக. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா. பாத்துக்கங்க" என்றார் போகும்போது.

நான் ஆபீசிலிருந்து வர ஆறு ஆகிவிடுகிறது. அப்பா தினமும் மூன்றரைக்கு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், ஆறுக்குள் வந்துவிடுகிறார். எங்கே போனீக என்றால், "இங்குட்டுத்தான்." ஆறு மாதமாக இதுதான் பதில். நானும் கேட்பதை விட்டிருந்தேன். எழுபத்தொரு வயது மனிதர் கண்டனூர் போகிற வரைக்கும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

17-6-1999, வியாழன்

பக்கத்து வீட்டுத் தேனம்மை ஆச்சி சொன்னார்கள்: "வெளியில பூட்டிட்டுப் போத்தா. பாவம்தான், என்ன பண்றது. லாரியில அடிபட்டாத் தேவலையா?"

18-6-1999, வெள்ளி

பூட்டிவிட்டுப் போனேன்.

வந்து திறந்தபோது கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து வீங்கியிருந்தது. எவ்வளவு நேரம் தட்டினாரோ. என்னை நிமிர்ந்து பார்த்து, "கேட்டத் தெறக்கச் சொல்லுங்கம்மா, வண்டி நிக்குது" என்றார். என்னை 'ங்க' போட்டுப் பேசினார்.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். இனிமேல் பூட்டமாட்டேன். என்ன ஆனாலும் சரி.

21-6-1999, திங்கள்

அரை நாள் லீவு போட்டுப் பின்னாலேயே போனேன். இரண்டாவது தெருவில் திரும்பிப் பார்த்துவிட்டார். "எதுக்கு என் பின்னால வார? நான் என்ன களவாணியா?" நடுத்தெருவில், சைக்கிள்காரர்கள் நின்று பார்க்க. பிறகு ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா செத்தபோதுகூட அப்பா அழுது நான் பார்த்ததில்லை. கைப்பிடியாகக் கூட்டிவந்தேன்.

பின்னால் போவதும் சரிப்படாது.

23-6-1999, புதன்

ஆபீசில் ஜி.பி.எஸ். வந்து இரண்டு வாரம் ஆகிறது. நாங்கள் கண்மாய்களை அளந்து, படம் போட்டு, தூர்வாரப் பணம் கேட்டு எழுதுகிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். கையடக்கமான கருப்புக் கருவி, நாலு பேட்டரி. வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டுகளைப் பிடித்து நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நடந்தால், நடந்த தடத்தையும் நினைவில் வைத்துக்கொள்கிறது.

தடத்தைக் கம்ப்யூட்டரில் இறக்குவதுதான் என் வேலை. கருவியோடு வர வேண்டிய கேபிளும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை. எங்களிடம் இருப்பதோ பழைய கம்ப்யூட்டர், அதை இயக்க, ஆபீஸ் பொறுப்பாளர் பெனோ சார் மதுரையிலிருந்து கொண்டுவந்த லினக்ஸ். தடத்தை இறக்கும் புரோகிராம் ஒன்றை எங்கோ வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறாராம். பெனோ சாரின் நண்பர் அதைப் பிளாப்பியில் அனுப்பியிருக்கிறார்.

நடந்த தடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் – இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது.

26-6-1999, சனி

கேபிளை ரேடியோ கடை சோணைமுத்து செய்து கொடுத்தார். கருவியின் பின்னால் இருக்கும் வட்டமான ஓட்டைக்குப் பொருந்தும் பிளக் இந்த ஊரில் கிடையாது. பழைய டேப்ரிக்கார்டர் பிளக்குகளிலிருந்து முனைகளை உருவி ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். மறுமுனையில் கம்ப்யூட்டருக்கான ஒன்பது முள் பிளக். "எதுக்கும்மா இது?" என்றார். இடம் தெரிஞ்சுக்க என்றேன். "இருக்க இடம் தெரியாமயா இருக்கீக?" என்று சிரித்தார்.

மாட்டினேன். முதலில் அனுமதி இல்லை என்றது லினக்ஸ். ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில், உள்ளே போய் அனுமதி கொடுத்தேன். பிறகு திரை முழுக்கக் குப்பை எழுத்து. கருவி அனுப்பும் வேகமும் கம்ப்யூட்டர் வாங்கும் வேகமும் பொருந்தவில்லை என்று புரிய ஒரு மணி நேரம். 4800 என்று மாற்றியதும், டாலர் குறியோடு தொடங்கும் வரிகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. வடக்கே பத்துப் பாகை, நாலு கலை. கிழக்கே எழுபத்தெட்டுப் பாகை, நாற்பத்தாறு கலை. காரைக்குடி.

யாரும் இல்லாத ஆபீசில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தடம் இறக்கும் புரோகிராமும் கம்பைல் ஆகி ஓடத் தொடங்கிவிட்டது.

28-6-1999, திங்கள்

பெனோ சாரிடம் நடந்ததைச் சொல்லி, அப்பாவின் பையில் வைக்கக் கருவியைக் கேட்டேன். கேட்கும்போது வெட்கமாக இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார். "காலைல கண்மாய்க்காரங்களுக்கு. மத்தியானத்துக்கு மேல உங்க அப்பாவுக்கு. தொலைஞ்சா ரெண்டு பேரும் வேலைய விட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்.

29-6-1999, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடி, கருவியை உயிர்ப்பித்து மஞ்சப்பையில் துண்டுக்கு மேலே வைத்தேன். அப்பா பார்த்தார். "புது ரேடியோவா?" ஆமாப்பா. "நியூஸ் கேக்குமா?" பாடாதுப்பா, சும்மா பையில இருக்கட்டும். சரி என்று தலையாட்டினார். ஏமாற்றுகிறோம் என்று உறுத்தியது.

சாயங்காலம் கருவியோடு மறுபடி ஆபீஸ். தடத்தை இறக்கிப் படமாகப் போட்டேன். கோழி கிளறின மாதிரி ஒரு கோடு. வீடுகளுக்குள் நுழைந்து போகிறது, ஒரு இடத்தில் குளத்தின்மேல் போகிறது. பெனோ சார் விளக்கினார்: அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து விடுகிறது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும், நாம் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் அப்பா போகிற இடத்தை மறைத்து அமெரிக்க ராணுவத்துக்கு என்ன லாபம்?

ஆனால் திசை தெரிகிறது. ஊரின் அந்தக் கோடி, கழனிவாசல் பக்கம். இரண்டு கிலோமீட்டருக்கு மேல். அங்கே நமக்கு யாரும் இல்லை.

இன்னொன்று. தடம் 10.35க்கு அறுந்து 11.20க்கு மறுபடி தொடங்குகிறது. முதலில் குழம்பினேன், அப்புறம் புரிந்தது, அது கிரீன்விச் நேரம். ஐந்தரை கூட்ட வேண்டும். நாலு ஐந்திலிருந்து நாலு ஐம்பது வரை. அந்த முக்கால் மணி நேரம் கருவிக்கு வானம் தெரியவில்லை. கூரைக்கு அடியில் சிக்னல் இல்லை.

அப்பா யார் வீட்டுக்குள்ளோ இருந்திருக்கிறார்.

30-6-1999, புதன்

இன்றும் அதே பக்கம். நாலு மூன்றிலிருந்து நாலு ஐம்பத்தைந்து.

2-7-1999, வெள்ளி

அப்பாவுக்கு நகம் வெட்டியிருக்கிறது. இரண்டு கையும், ஒட்ட, ஒழுங்காக. நான் வெட்டவில்லை. அப்பாவால் முடியாது. யாருப்பா வெட்டிவிட்டா? கையை விரித்துப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு" என்றார்.

5-7-1999, திங்கள்

தேனம்மை ஆச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது. "வீட்டுப் பத்திரத்த எங்க வச்சிருக்க? இப்பல்லாம் வயசானவுகளக் கூப்பிட்டு வச்சு நல்லாப் பேசிக் கைநாட்டு வாங்கிப்புடுறாக" என்றார்கள். வந்ததும் பீரோவைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து மசிக் கறை இருக்கிறதா என்றும் பார்த்தேன். நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

யார் அது? எதற்காக?

படத்தில் வேறொன்றும் கவனித்தேன். போகும்போது கோடு தயங்குகிறது, நிற்கிறது, திரும்பி வருகிறது. வீட்டுக்கு வரும்போது மட்டும் எங்கும் நிற்காமல் வருகிறது. யாரோ வழி சொல்லி அனுப்புகிற மாதிரி.

9-7-1999, வெள்ளி

ஒன்பது நாள் தடம் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் சிக்னல் அறுந்த புள்ளியை மட்டும் தனியே எடுத்தேன். அரிசியை வீசியெறிந்த மாதிரி தெருவெங்கும் கிடக்கின்றன. ஆனால் பிழை ஒரு நாள் கிழக்கே தள்ளினால் இன்னொரு நாள் மேற்கே தள்ளும். எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் உண்மையான இடத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரே வரிக் கட்டளை. லினக்ஸ் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு புள்ளியைக் கொடுத்துவிட்டது.

11-7-1999, ஞாயிறு

மாதா கோவிலில் பூசை முடிந்து அப்பாவைத் தேனம்மை ஆச்சி வீட்டில் உட்காரவைத்துவிட்டு, கருவியோடு போனேன். அந்தப் புள்ளி காட்டும் இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று தொட்டிக்கும் சராசரி எடுத்து ஒப்பிட்டேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் கரண்ட் ஆபீசா என்று கேட்டார்கள். கணக்குப்படி அப்பா போகும் வீடு தொட்டிக்கு வடக்கே, இருபது முப்பது மீட்டருக்குள். அங்கே நாலு வீடுகள் இருக்கின்றன. நாலும் ஓட்டு வீடுகள், நாலும் ஒன்றுபோலத்தான். தட்டிக் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

13-7-1999, செவ்வாய்

லீவு போட்டேன். மூன்றரைக்கே தொட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

நாலு மணிக்கு அப்பா வந்தார். மூன்றாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்தார். வீட்டில் அவர் அப்படி வைப்பதே இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "வாங்கய்யா, இன்னைக்கு வெயிலு சாஸ்தியா இருக்கே" என்று பையை வாங்கிக்கொண்டாள். எங்கோ பார்த்த முகம். எங்கே?

அப்புறம் ஒரு ஆள் சட்டையில்லாமல், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து, அப்பாவின் கையைப் பிடித்து நிலை தட்டாமல் குனியவைத்து உள்ளே கூட்டிப்போனான்.

அண்ணன்.

வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

14-7-1999, புதன்

அவன் வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷம். திருப்பூரில் இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே, இதே ஊரில், இரண்டு கிலோமீட்டரில் இருந்துகொண்டு – எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலயா? நான் இங்க ஒத்தையாளா அல்லாடுறேன். கல்யாணம் வேணாம்னு, நல்ல வேலை வந்தப்ப மதுரைக்குப் போக வேணாம்னு, எல்லாத்தையும் அப்பாவுக்காக விட்டுட்டு இருக்கேன். அவுக சாயங்காலம் முக்கால் மணி நேரம் காப்பி குடுத்துப் புண்ணியம் கட்டிக்கிறாகளா?

சத்தியப்பிரியாவை அவன் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, வேற சாமி கும்பிடுற வீட்டுப் பெண் என்று அப்பா வாசலைத் தாண்ட விடவில்லை. செத்தாலும் உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்றார். அந்த அப்பாதான் செருப்பை ஜோடி சேர்த்து வைக்கிறார்.

16-7-1999, வெள்ளி

இன்றும் லீவு. மூன்றரைக்கு அப்பா பையைத் தூக்கியதும், "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைப்பா, டூட்டி கிடையாது" என்றேன். நம்பினார். நம்பியபடியே பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார். இடையில் ஒரு முறை, "அந்தப் பிள்ளை காத்திருக்கும்" என்றார். எந்தப் பிள்ளைப்பா? தெரியவில்லை அவருக்கு.

எழுதித்தான் ஆக வேண்டும். ஆறு வருஷமாக எழுதாதது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று அண்ணன் வந்தான். கல்லறை கேட்டுக்கு வெளியே சத்தியப்பிரியாவோடு நின்றான். நான்தான் போய், "போயிருங்கண்ணே, அப்பா சத்தம் போடுவாக" என்றேன். போய்விட்டான். அம்மாவின் குழியில் ஒரு பிடி மண் போடாமல் போனான். அப்பா சொல்லி அனுப்பினார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அவனும். அப்பா அன்று வாயே திறக்கவில்லை. நானாகத்தான் போனேன். கூட்டத்தில் சண்டை வந்துவிடுமோ என்ற பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது உண்டு. பயம் மட்டும்தானா? வீட்டை விட்டுப் போனவன் அவன், அம்மாவுக்கு மலம் அள்ளிக் கொட்டியவள் நான், மண் போட மட்டும் வருகிறானா என்று இருந்தது. அதுதான் உண்மை.

19-7-1999, திங்கள்

போனேன். அப்பா போய் ஐந்து நிமிஷம் கழித்து.

கதவு திறந்தே கிடந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து தட்டிலிருந்து அவித்த கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். அண்ணன் கீழே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். முன்தலை வழுக்கையாகிவிட்டது. அப்பாதான் பேசினார்: "தம்பி, இது எம் மக. கம்ப்யூட்டர்ல வேலை பாக்குது."

"அப்படிங்களாய்யா. உக்காரச் சொல்லுங்க" என்றான் அண்ணன்.

ஐயா. அப்பாவை அவன் ஐயா என்கிறான்.

அடுப்படியில் வைத்துச் சத்தியப்பிரியா சொன்னாள். டிசம்பரில் மில் வேலை கிடைத்து இங்கே வந்தார்களாம். வந்த இரண்டாவது வாரம் தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு பெரியவர் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். "மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சுருச்சு. கூட்டியாந்து உக்காரவச்சேன். இவுக ஷிப்டு முடிஞ்சு வந்து பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டாக. உள்ள வரல. அப்பறம் மாமாவே, வாங்க தம்பி, இது உங்க வீடான்னு கேட்டாக."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொன்னா நீங்க நிறுத்திருவீகன்னு பயம். இவுக யாருன்னு தெரிஞ்சா மாமாவும் வரமாட்டாக. ரெண்டுக்கும் பயந்துக்கிட்டே ஏழு மாசம் ஓட்டிட்டோம்."

கண்டனூர் போன அன்று அவர்கள் ஊரில் இல்லை. அவள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பா வந்து பார்த்து, வீடு பூட்டியிருந்ததும் பஸ் ஏறியிருக்கிறார். மற்ற எல்லா நாளும் அண்ணன் பத்தடி பின்னாலேயே, திரும்ப வேண்டிய இடங்களில் வழி சொல்லிக்கொண்டு எங்கள் தெருமுனை வரை வந்து, வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவானாம். படத்தில் கோடு நிற்காமல் வந்ததற்குக் காரணம் அதுதான்.

அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்த அண்ணன் சொன்னான்: "ஒரு நாள் எங்கிட்டயே சொன்னாக. எனக்கும் ஒரு பய இருக்கான் தம்பி, திருப்பூர்ல, கோவக்காரன், என்னைய மாதிரின்னு. வரச் சொல்லி எழுதுங்கய்யான்னேன். விலாசம் தெரியாதேன்னாக."

அப்போது சொல்லிவிட்டேன். கல்லறை கேட்டில் நான் சொன்னது அப்பா சொன்னது இல்லை, நானாகச் சொன்னது என்று. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. அவன் எழுந்து வெளியே போனான். அப்பாவின் செருப்புப் பக்கத்தில் நின்றான். வெகு நேரம்.

திரும்பி வந்து, "காப்பி ஆறுது, குடி" என்றான். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு அப்பா எழுந்தார். இன்று அண்ணன் பின்னால் வரவில்லை. கூடவே நடந்தான்.

22-8-1999, ஞாயிறு

ஜி.பி.எஸ். இன்று காலையிலிருந்து தேதியை 1980 ஜனவரி 6 என்று காட்டுகிறது. அது எண்ணும் வாரக் கணக்கு ஆயிரத்து இருபத்துநாலோடு நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதாம், பெனோ சார் முன்பே சொல்லியிருந்தார். இறக்கும்போது தேதியைத் திருத்த லினக்ஸில் நாலு வரி எழுத வேண்டும். அப்பாவிடம் என்ன வருஷம் என்று கேட்டேன். "எழுபத்தொம்பதோ எம்பதோ" என்றார். அவருக்கு எந்த வரியும் எழுதத் தெரியவில்லை எனக்கு.

கருவியை இனி அவர் பையில் வைக்கப்போவதில்லை. தேவையும் இல்லை, அண்ணனே மூன்றரைக்கு வந்துவிடுகிறான்.

2-11-1999, செவ்வாய்

கல்லறைத் திருநாள். அம்மா கல்லறையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். சத்தியப்பிரியா மதினி மெழுகுவத்தி காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு யார் கல்லறை என்று புரியவில்லை. ஆனாலும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

20-11-1999, சனி

ஒரு வாரமாக அப்பா அண்ணன் வீட்டில்தான். அடுத்த வாரம் இங்கே. மதினிக்குக் காய்ச்சல் என்று சமைத்து வைக்கப் போயிருந்தேன். நான்கு கண்மாய்க்கான படங்களை நேற்றே முடித்துக் கொடுத்துவிட்டதால் ஆபீஸ் கவலை இல்லை. மதுரை வேலைக்கு மறுபடி எழுதிப் போடச் சொல்கிறான் அண்ணன். போடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

முற்றத்தில் அண்ணன் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். அப்பா நுரை படிந்த முகத்தோடு கேட்டார்:

"தம்பி, ஒங்க அப்பா இருக்காரா?"

"இருக்காகய்யா."

"வயசாயிருக்குமே."

"எழுபத்தொண்ணு."

"நல்லாப் பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேன். அசையாம இருங்க, வெட்டிரும்."

அப்பா அசையாமல் இருந்தார். நான் ரசத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து துண்டைக் கொடுத்தேன்.